ஓர் உடம்பு, மூன்று அறைகள்

மார்ச் மாதம் வந்தால் எங்களைப் போன்ற எழுத்தாளர்களுக்கும் கொஞ்சம் கிராக்கி ஏற்பட்டுவிடுகிறது. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். 1972 முதல் கொண்டாடி வருகிறார்கள். அதை ஒட்டி ஒரு வாரம் ஆலைகளிலெல்லாம் பந்தலும் தோரணமும் கட்டுரைப் போட்டியும் கோலப் போட்டியும் அமர்க்களப்படும். பரிசு கொடுக்க ஓர் ஆள் வேண்டும். சினிமாக்காரர்கள் கிடைக்காவிட்டால் கதை எழுதுகிறவன் போதும் என்று கூப்பிடுவார்கள். அப்படித்தான் சில வருஷங்களுக்கு முன் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரு நூற்பாலைக்குப் போனேன். ஆலையின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் மற்ற ஆலைகளெல்லாம் விஷயம் தங்களைப் பற்றியதல்ல என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடும்.

விழாவுக்கு முன்னால் ஆலையைச் சுற்றிக் காட்டினார்கள். மானேஜர் நல்ல மனிதர். என் கதைகளைப் படித்திருப்பதாகச் சொன்னார். எந்தக் கதை என்று நான் கேட்கவில்லை. ஒரு நீண்ட தாழ்வாரத்தில் அடுத்தடுத்து மூன்று அறைகள். முதல் அறை பாதுகாப்பு அதிகாரியுடையது. எத்தனை நாளாக விபத்து இல்லை என்று சாக்கட்டியால் எழுதிய பலகை அங்கே தொங்கியது. இரண்டாவது வைத்திய அறை. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், எடை பார்க்கும் கருவி, ஒரு நர்ஸம்மா. மூன்றாவது தொழிலாளர் நல அதிகாரியின் அறை. வருகைக் கணக்கு, லீவுக் கணக்கு, கான்டீன் கணக்கு எல்லாம் அங்கேதான்.

"பாதுகாப்பு, சுகாதாரம், நலம். மூன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு ஸார். எங்களிடம் குறையே சொல்ல முடியாது" என்றார் மானேஜர். எனக்கும் குறை எதுவும் தெரியவில்லை.

கார்டிங் பகுதியின் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமிக் கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் இருமலை அடக்கப் பார்த்தாள். அது அடங்கவில்லை.

"எத்தனை வருஷமாம்மா வேலை பார்க்கறீங்க?"

"பதினொரு வருசமாச்சுங்க."

"இந்த இருமல்?"

"இது ஒண்ணுமில்லீங்க. திங்கக்கிழமையானா நெஞ்சை வந்து புடிச்சுக்கும். கயிறு போட்டு இறுக்கினாப்பல இருக்குமுங்க. நாளைக்குக் கொறஞ்சுரும். புதங்கிழமை வந்து பாருங்க, பாட்டே பாடுவனுங்க."

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"காட்டினனுங்க. ஞாயித்துக்கிழமை கறி திங்கறதை விடுன்னாருங்க. விட்டுப் பாத்தனுங்க. கறி போச்சு, இருமல் போகலீங்க."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

விழா தொடங்க நேரம் இருந்தது. கதைக்காரனுக்கு வாய் சும்மா இருக்காது. அந்த மூன்று அறைகளிலும் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். பாதுகாப்பு அதிகாரி, "கார்டிங்கில் தூசு கொஞ்சம் கூடுதல்தான். பில்டர்களை மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன், மேலே இருந்து உத்தரவு வரவேண்டும்" என்றார். நர்ஸம்மா, "திங்கட்கிழமை வந்தால் இருமல் மருந்து ஒரு பாட்டில் காலியாகிவிடும் ஸார், மற்ற நாளில் அவ்வளவு போகாது" என்றாள். நல அதிகாரியின் குறை வேறு. "திங்கட்கிழமை லீவு போடுகிறவர்கள்தான் எங்களுக்குப் பெரிய தொல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் மறுநாள் வரமாட்டேன் என்கிறார்கள். வருகை போனஸை வெட்டினால்தான் வழிக்கு வருகிறார்கள்" என்றார்.

மூன்று பேரும் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். அது அவர்களுக்கும் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை. மேடையேறி, மூன்று அறைகளையும் வாயாரப் புகழ்ந்தேன். கோலப் போட்டியில் அந்தப் பெண்ணுக்கே இரண்டாம் பரிசு. ஓர் எவர்சில்வர் டிபன் டப்பா. என் கையால் கொடுத்தேன். பலமான கைதட்டல்.

ஊர் திரும்பிய பிறகு, மார்பு நோய்களில் அனுபவமுள்ள ஒரு டாக்டர் நண்பரிடம் அந்தக் கறி வேடிக்கையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "திங்கட்கிழமை மட்டுமா? நிச்சயமாகத் தெரியுமா?" என்று இரண்டு தரம் கேட்டார். "பார்க்காமல் சொல்லக் கூடாது. ஆனால் அவளைப் பார்த்த ஒவ்வொருவருக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்" என்றார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

பஞ்சுத் தூசால் வரும் அந்த நோய்க்கு பிஸினோசிஸ் என்று பெயர். பஞ்சோடு கலந்து வரும் இலைச் சருகு, காய்த்தோல், காம்பு இவற்றின் பொடியும், அதில் குடியிருக்கும் நுண்கிருமிகளின் நஞ்சும் நுரையீரலுக்குப் போவதால் வருவது. பேல் பிரித்துப் பஞ்சை உதறும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் அபாயம் அதிகம். ஆரம்பத்தில், வார லீவு முடிந்து வேலைக்கு வரும் முதல் நாளில் மட்டும் மார்பு இறுகும். மறுநாள் குறைந்துவிடும். அப்போதே ஆளைத் தூசிலிருந்து விலக்கினால் அநேகமாகச் சரியாகிவிடும். விட்டுவிட்டால் சில வருஷங்களில் செவ்வாய்க்கும் புதனுக்கும் பரவும். கடைசியில் எல்லா நாளும் திங்கட்கிழமைதான். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தாலும் போன மூச்சு திரும்பாது.

இதில் இன்னொரு சங்கடம், எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் எதுவும் விழாது. வருஷத்துக்கு ஒரு முறை எடை பார்த்து, மார்பைப் படம் பிடித்து, 'ஆரோக்கியம்' என்று முத்திரை குத்துகிற பரிசோதனையில் இந்த நோய் சிரித்துக்கொண்டே தப்பித்துவிடும். அதைப் பிடிக்க ஒரே வழி, வாரத்தின் முதல் நாள், வேலைக்குள் நுழையும் முன் ஒரு தரம் குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளப்பது. சில மணி நேரம் வேலை செய்த பிறகு மறுபடி ஊதச் சொல்லி அளப்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விஷயத்தைச் சொல்லிவிடும்.

இந்த நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய மேதை தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று காகிதங்கள் போதும். தூசு எங்கே அதிகம் என்பது முதல் அறையில் இருக்கிறது. இருமல் மருந்து என்று செலவாகிறது என்பது இரண்டாவது அறையில் இருக்கிறது. யார் எந்தக் கிழமை வரவில்லை என்பது மூன்றாவது அறையில் இருக்கிறது. இந்த மூன்று காகிதங்களையும் ஒரே மேஜையில் ஐந்து நிமிஷம் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால், அந்தப் பெண்ணைக் கறியை விடச் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்று அறைகளுக்கும் நடுவில் இரண்டு சுவர்கள்தான் இருந்தன. அவள் மூச்சு அந்தச் சுவர்களில் முட்டிக்கொண்டு நின்றது.

இத்தனைக்கும் இது புதிய ஞானம் அல்ல. 1700ஆம் வருஷத்தில் இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸினி என்ற வைத்தியர் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சணல் நார் சிக்கெடுக்கிறவர்கள் தூசால் இருமி அவதிப்படுவதை அதில் எழுதியிருக்கிறார். நோயாளியிடம் வைத்தியர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, அவன் என்ன தொழில் செய்கிறான் என்பதையும் கேட்டாக வேண்டும் என்று வற்புறுத்தினார். 300 வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. நாம் கறி தின்றாயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சட்டத்தைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். கொஞ்சம் சொல்லலாம். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் மூன்றாவது அத்தியாயம் சுகாதாரம்; நான்காவது பாதுகாப்பு; ஐந்தாவது நலம். ஒரே மனுஷியை மூன்று அத்தியாயமாகப் பிரித்தார்கள். 1000 தொழிலாளருக்கு ஒரு பாதுகாப்பு அதிகாரி, 500 பேருக்கு ஒரு நல அதிகாரி என்று கணக்கும் வைத்தார்கள். அந்தச் சட்டம் செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. பிஸினோசிஸ் போன்ற நோயைக் கண்டால் வைத்தியர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றுகூட அதில் இருந்தது. ஆனால் எழுத வேண்டியவர் அந்த ஆலையின் தூசைப் பார்க்காதவர். தூசைப் பார்க்கிறவருக்கு எழுதும் பொறுப்பு இல்லை.

பிறகு அந்தச் சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒன்றாகச் சேர்த்து 2020ல் ஒரு தொகுப்புச் சட்டம் நிறைவேற்றினார்கள். 2025 நவம்பர் 21 அன்று அது அமலுக்கு வந்தது. பாதுகாப்பு அதிகாரிக்கு 500 பேர், அபாயகரமான தொழிலானால் 250 பேர், நல அதிகாரிக்கு 250 பேர் என்று கணக்கைத் திருத்தியிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை இலவச வைத்தியப் பரிசோதனைக்கும் இடம் இருக்கிறது. இவை நல்லவையே. அதே சமயம், மின்சக்தி உபயோகிக்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 பேர் ஆக்கியிருக்கிறார்கள். சிறிய இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு நுரையீரலும் சிறியதாக இருக்கும் போலிருக்கிறது! போகட்டும். நான் கேட்பது வேறு. 13 புத்தகங்களை ஒரே பைண்டிங்கில் கட்டிவிட்டால், தாழ்வாரத்தில் இருக்கும் மூன்று கதவுகளும் தாமாகத் திறந்துகொள்ளுமா?

இந்தப் பிரிவினை எவ்வளவு அசட்டுத்தனமானது என்பதற்கு ஒரு நாற்காலியை உதாரணம் சொல்கிறேன். நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் உட்கார வசதி வேண்டும் என்பது 1948ஆம் வருஷச் சட்டத்தில் நல அத்தியாயத்தில் இருந்தது. அதாவது நாற்காலி ஒரு சலுகை. கான்டீனில் வடை போடுவது மாதிரி. ஆனால் பத்து மணி நேரம் நிற்கிறவளுக்குக் காலில் நரம்பு முடிச்சிட்டுக்கொள்கிறதே, அது சுகாதாரம் அல்லவா? கால் கடுத்து, கண் இருட்டி, ஓடுகிற இயந்திரத்தில் கை வைத்துவிட்டால் அது பாதுகாப்பு அல்லவா? ஒரு நாற்காலி மூன்று அத்தியாயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறது. ஜவுளிக்கடைப் பெண்களுக்கு இந்த உட்காரும் உரிமையைக் கேரளம் 2018லும் தமிழ்நாடு 2021லும் சட்டமாக்கின. உட்காருவதற்கு ஒரு சட்டம்! நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சட்டம் வந்தவரையில் சந்தோஷமாகவும் இருக்கிறது.

பிரிவினையின் இன்னொரு விளைவு இதைவிட மோசமானது. 2019ல் ஒரு செய்தி நிறுவனம் தமிழ்நாட்டுத் தையல் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களை விசாரித்து ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்று சொன்னவர்களுக்கு, என்ன மருந்து என்று எழுதாத மாத்திரைகளை ஆலையிலேயே கொடுத்து, வேலைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வலிக்கிற பெண்ணுக்கு அரை மணி ஓய்வு கொடுப்பது யார் பொறுப்பு? வைத்திய அறைக்கு அந்த அதிகாரம் இல்லை. அது உற்பத்திக் கணக்கு. ஆகவே வைத்திய அறை தன்னால் முடிந்ததைச் செய்தது. அந்த மாத்திரை பெண்ணுக்குக் கொடுத்த மருந்தல்ல. உற்பத்திக்குக் கொடுத்த மருந்து.

இப்போது புதிதாக ஒரு நாகரிகம் வந்திருக்கிறது. நலவாழ்வு என்கிறார்கள். காலையில் பத்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி. மன அழுத்தத்தைப் போக்க ஒரு பிரசங்கம். யோகா தினத்தன்று எல்லோருக்கும் ஒரு வெள்ளை பனியன். மூச்சுப் பயிற்சியை நான் கேலி செய்யவில்லை; நானே செய்கிறேன். ஆனால் கார்டிங் பகுதியின் வாசலில் வைத்து ஒரு பெண்ணை "ஆழமாக மூச்சை இழுங்கள்" என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! காற்றைச் சுத்தம் செய்யாமல் மூச்சைச் சீர் செய்கிறேன் என்பவர், நான்காவதாக ஓர் அறை கட்டுகிறார். அவ்வளவுதான்.

மூன்றையும் ஒன்று சேருங்கள் என்று நான் சொன்னால் மூன்று பக்கத்திலிருந்தும் ஆட்சேபம் வரும். "செலவாகும்" என்பது முதல் ஆட்சேபம். இதற்கு அமெரிக்கா பதில் சொல்லியிருக்கிறது. அங்கே கரோலினா மாகாணங்களின் பஞ்சாலைகளில் இதே நோய். 1978ல் அரசாங்கம் ஒரு விதி செய்தது. நூற்கும் பகுதிகளில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசு கூடாது; தூசை அளக்க வேண்டும்; வார முதல் நாளில் வேலைக்கு முன்னும் பின்னும் தொழிலாளியின் மூச்சை அளக்க வேண்டும்; ஏன் அளக்கிறோம் என்பதை அவருக்குக் கற்றுக் கொடுக்கவும் வேண்டும். எல்லாம் ஒரே விதியில். முதலாளிகள் 'அழிந்தோம்' என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். உயிரையும் லாபத்தையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கும்படி இந்தச் சட்டம் கேட்கவில்லை என்று 1981ல் நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. வேறு வழியில்லாமல் பழைய இயந்திரங்களை மாற்றினார்கள். தூசு குறைந்தது; உற்பத்தி கூடியது; செலவு அவர்கள் பயமுறுத்திய அளவுக்கு ஆகவே இல்லை. பின்னால் அந்த ஆலைகளில் பல மூடப்பட்டு, கூலி மலிந்த நம் பக்கத்து நாடுகளுக்கு வேலை கப்பலேறி வந்தது வேறு கதை. வேலை வந்த கப்பலில் அந்த ஊதும் குழாயும் வந்ததாக நான் பார்த்த ஆலையில் அடையாளம் இல்லை.

"தொழிலாளிகளே முகமூடி போடுவதில்லை" என்பது இரண்டாவது ஆட்சேபம். வாஸ்தவம். நூல் அறுந்து போகாமல் இருப்பதற்காகக் காற்றில் ஈரத்தைக் கூட்டி வைத்திருக்கிற புழுக்கத்தில் எட்டு மணி நேரம் முகமூடியைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் பேசட்டும். நூலுக்கு வேண்டிய ஈரத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கத் தெரிந்தவர்கள், நூற்கிறவளுக்கு வேண்டிய காற்றையும் கணக்கிட்டுக் கொடுக்கலாம்.

மூன்றாவது ஆட்சேபத்தைத்தான் நான் மதிக்கிறேன். அது ஒரு தொழிற்சங்க நண்பருடையது. "நீங்கள் பாட்டுக்குச் சேர்த்துவிடுவீர்கள். டாக்டருக்குத் தெரிந்தது நாளைக்கே மானேஜருக்குத் தெரியும். இருமுகிறவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவான். இப்போது இருமிக்கொண்டாவது சோறு தின்கிறாள்" என்றார். இந்தப் பயம் பொய்யல்ல. அந்தப் பெண் எங்களைக் கண்டதும் இருமலை அடக்கிக்கொண்டது இந்தப் பயத்தால்தான்.

ஆனால் இதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1985ல் செய்த 161ஆம் ஒப்பந்தம் தொழிலிடச் சுகாதார சேவைகளைப் பற்றியது. தொழிலாளரின் நோயும், நோயால் வராமல் போவதும் அந்தச் சேவைக்குத் தெரிய வேண்டும் என்கிறது. எதற்காக? வேலையிடத்துக்கும் நோய்க்கும் சம்பந்தம் உண்டா என்று பார்ப்பதற்காக. உடனே அடுத்த வாக்கியத்தில், ஏன் வரவில்லை என்று துப்புப் பார்க்கும் வேலையை முதலாளி இவர்கள் தலையில் கட்டக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறது. பரிசோதனைக்காக ஒருவருக்கும் கூலி குறையக் கூடாது என்கிறது. அந்த மேஜைக்குப் போக வேண்டியது ஆளின் பெயர் அல்ல, இடத்தின் பெயர். 'இன்னாருக்கு இருமல்' என்று வேண்டாம். 'கார்டிங்கில் இத்தனை பேருக்குத் திங்கட்கிழமை இருமல்' என்பது போதும். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது காற்று. அதைச் சுவாசித்தவள் அல்ல. நோய் தெரிந்ததால் ஒருவருக்கும் வேலையும் கூலியும் போகாது என்ற உறுதிதான் முதல் செங்கல். அது இல்லாமல் சேர்ப்பதாக இருந்தால் நண்பர் சொல்வதே சரி, சேர்க்க வேண்டாம்.

அப்படியானால் நான் கேட்பதுதான் என்ன? புதுக் கட்டடம் கேட்கவில்லை. பாதுகாப்புக் குழு என்று ஒன்று சட்டத்திலேயே உண்டு. தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு. அந்தக் குழுவின் மேஜை போதும். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், மூன்று அறைக்காரர்களும் தங்கள் காகிதங்களோடு அதன் முன் உட்காரட்டும். தொழிலாளர் தரப்பில் இருவர் இருக்கட்டும். பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பில்டரை மாற்று என்றோ, இந்த இயந்திரத்தை நிறுத்து என்றோ சொல்லும் அதிகாரம் அந்த மேஜைக்கு இருக்கட்டும். அதிகாரமில்லாத மேஜை காப்பி குடிக்கத்தான் உதவும்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆலை நின்றுவிடும். இப்போது பல ஆலைகளில் சக்கரம் நிற்பதே இல்லை. ஆளுக்கொரு நாள் லீவு. ஆகவே ஆளுக்கொரு திங்கட்கிழமை. ஒருத்திக்கு வியாழன், ஒருத்திக்குச் சனி. நர்ஸம்மாவின் பாட்டில் இனி ஒரே நாளில் காலியாகாது. அது பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சாட்சியும் போய்விட்டது. காகிதங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்டு.

சின்ன ஆலைகள், "எங்களால் எப்படி முடியும்?" என்று கேட்கலாம். பல ஆலைகள் சேர்ந்து ஒரே சேவையை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஒப்பந்தமே சொல்கிறது. சேர்ந்து செய்வது கோயம்புத்தூருக்குப் புதிதும் அல்ல. பஞ்சையும் நூலையும் ஆராய்வதற்காகத் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தை 1956லேயே அங்கே நிறுவிவிட்டார்கள். இழையின் நீளத்தையும் நூலின் பலத்தையும் நுணுக்கமாக அளக்கும் திறமை அந்த ஊருக்கு இருக்கிறது. நூல் எவ்வளவு இழுத்தால் அறும் என்று அளக்கத் தெரிந்தவர்களுக்கு, நூற்பவளின் மூச்சு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளப்பது ஒரு வித்தையா?

அந்தப் பெண்ணைப் பற்றி ஆலைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவள் பெயரைக் குறிப்பிடாமல் கார்டிங் பகுதி என்று மட்டும் எழுதினேன். மானேஜரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. கடிதத்தைப் பாதுகாப்பு அதிகாரி, வைத்திய அறை, நல அதிகாரி மூவருக்கும் தனித்தனியே பிரதி எடுத்து அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தார்!

அந்த ஆலையிலிருந்து எனக்கு மறுபடி அழைப்பு வரவில்லை. வேறு ஆலைகள் கூப்பிடலாம். பரிசு கொடுக்க வருவதில் எனக்கு ஆட்சேபமில்லை, மாலைகூட வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனைதான். திங்கட்கிழமையாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.